குறட்டை நின்ற மத்தியானம்

விக்கிரமசிங்கபுரத்தில் நாங்கள் குடியிருந்த தெருவில் பாதி வீடுகளில் பகலில்தான் குறட்டை கேட்கும். நூல் மில்லில் இரவு ஷிப்ட் முடித்து வந்த ஆண்கள் குளித்துச் சாப்பிட்டுப் படுத்துவிடுவார்கள். அதன்பிறகு வீட்டில் மிக்சி ஓடாது, டிவி வாயை மட்டும் அசைக்கும். படுத்திருப்பவரை எழுப்பிவிட்டால் பக்கத்து வீட்டுப் பெண்கள்கூடச் சண்டைக்கு வருவார்கள். அப்பாவின் குறட்டை தெருவிலேயே பேர்போனது. "உழைச்ச உடம்புல்லா, அப்படித்தான் வரும்" என்று அம்மா கொஞ்சம் பெருமையாகவே சொல்வாள்.

நான் கல்லூரியில் படித்தபோது ஒரு மத்தியானம் அந்தச் சத்தம் நின்றது. "இப்பந்தான் அசந்து தூங்குதாவ, சத்தங் காட்டாதட்டி" என்று அம்மா அறைக்கதவைப் பைய சாத்தினாள். வாசலுக்கு வந்த கீரைக்காரியைக் கை ஜாடையிலேயே அனுப்பினாள். தட்டுச் சத்தம் வராமல் நாங்கள் சாப்பிட்டோம். சாயங்காலம் அவரை எழுப்பப் போனதும் அம்மாதான். உடம்பு சில்லிட்டிருந்தது. மாரடைப்பு என்றார்கள். செத்துப்போன மனிதரின் தூக்கம் கெடாமல் ஒரு மத்தியானம் முழுக்கக் காவல் இருந்திருக்கிறோம். அம்மா அதைப் பற்றிப் பிறகு பேசவே இல்லை.

எனக்கு வாய்த்தவரும் குறட்டைக்காரர்தான். கங்கைகொண்டானில் ஒரு கம்பெனியில் வேலை, தச்சநல்லூரில் வீடு, மாற்றி மாற்றி இரவு ஷிப்ட். கல்யாணமான புதிதில் கேலி செய்து சிரித்தேன். பிறகு காதுகொடுத்துக் கேட்க ஆரம்பித்தேன், வினை அங்கேதான் பிடித்தது. சத்தம் ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று நிற்கும். வயிறு எக்கி எக்கித் துடிக்கும், காற்று உள்ளே போகாது. அப்புறம் ஆற்றில் முங்கி எழுந்தவர் மாதிரி ஒரு பெரிய இழுப்பு. அது வரும்வரை நான் பழைய வீட்டில்தான் இருப்பேன். கதவைச் சாத்தும் அம்மாவின் கை கண்ணுக்குத் தெரியும். பயம் என்றால் போதாது, அந்த அமைதியை நான் வெறுத்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றால், "ஊருல கொறட்ட விடாதவன் எவன் இருக்கான்? நீ ஒருத்திதான் இதுக்குப் போயி பயந்து சாவுதே" என்பார். அவரை மசியவைத்தது ஒரு ரயில்வே கேட். வேலை முடிந்து பைக்கில் வந்தவர், மூடிய கேட்டுக்கு முன்னால் காலை ஊன்றியபடியே தூங்கிவிட்டார். பின்னால் நின்ற லாரிக்காரர் இறங்கி வந்து, "அண்ணாச்சி, கேட்டைத் தெறந்தாச்சு" என்று தோளைத் தட்டினாராம். அதையும் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சட்டையை மாட்டினார்.

பாளையங்கோட்டையில் ஒரு பெண் டாக்டர் பொறுமையாக விளக்கினார். தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து வழி குறுகுகிறது, அந்த இடுக்கில் காற்று அதிர்ந்து போகும் சத்தம்தான் குறட்டை. கழுத்துச் சதை, மூக்கடைப்பு, குடி என்று காரணம் ஆளுக்கு ஆள் மாறும். குறட்டை விடுகிற எல்லோருக்கும் ஆபத்தில்லை. ஆனால் வழியே அடைத்து மூச்சு நின்றால், மூளை பதறி எழுப்பிவிடுகிறது. எழுந்தது அவருக்கே தெரியாது. நாள் தவறாமல் இப்படியென்றால் ரத்த அழுத்தம் ஏறும், இதயம் களைத்துப்போகும், பகலில் கண் சொருகும். "இது நல்ல தூக்கம் இல்லம்மா, போராட்டம்" என்றார். அப்பாவுக்கும் இதுதானா என்று கேட்டேன். அதை இனிமேல் சொல்ல முடியாது என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஒயர்களை ஒட்டி ஒரு இரவு சோதித்தார்கள். தொண்டை வழி மூடாமல் காற்றை அழுத்தி அனுப்பும் மெஷினும் மூக்கில் மாட்டும் மாஸ்க்கும் வீட்டுக்கு வந்தன. முதன்முதலாக அதை மாட்டிக்கொண்டு அவர் படுத்த பகலில் அம்மா எங்கள் வீட்டில் இருந்தாள்.

மருமகன் ஹாலுக்கு வந்தாலே அம்மா அடுக்களைக்குள் போய்விடுவாள். நேருக்கு நேர் நின்று பேசியதுகூடக் கிடையாது, எங்கள் பக்கத்து மரியாதை அப்படி. அன்று அவர் படுத்துக் கொஞ்ச நேரத்தில் குறட்டை அடங்கிப்போனது. மெஷின் வேலை செய்கிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம். வெண்டைக்காய் அரிந்துகொண்டிருந்த அம்மா அரிவாள்மணையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். விறுவிறுவென்று அறைக்குள் போய் அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"மாப்ளே! எந்திரிங்க மாப்ளே!"

அவர் பதறி எழுந்து மாஸ்க்கைக் கழற்றினார். "என்னத்தே? என்ன ஆச்சு?"

அம்மா அவரைப் பார்க்கவில்லை, அறை வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள். "அன்னைக்கே எழுப்பியிருக்கணும்ட்டி" என்றாள்.

அப்பா போன அந்த மத்தியானத்தைப் பற்றி நான் சொல்லி அவருக்குத் தெரியும். "இங்கனயே இருங்கத்தே" என்று சொல்லிவிட்டு, மாஸ்க்கைத் திரும்ப மாட்டிக்கொண்டு படுத்தார். அவர் தானாகக் கண் விழிக்கும்வரை அம்மா கட்டிலடியில் உட்கார்ந்து, ஏறி இறங்கும் அவர் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.