நோன்பு பிடித்த பிள்ளை

நோன்புக் கஞ்சி உள்ளே போனதும் என் வயிற்றுப் பிள்ளை துடிக்கும். பகலில் அசையாமல் கிடந்தாலும், அந்தியில் மஃரிப் பாங்கு சொல்லி, சூடான கஞ்சி வயிற்றில் இறங்கினால் இடப்பக்கம் ஒரு உதை விழும். ஒரு நாள் அந்த உதை விழவில்லை.

எனக்கு நோன்பில்லை. உம்மா பிடிக்க விடவில்லை. ஆனாலும் நோன்பு திறக்கும்போது எல்லோரோடும் இருந்து குடிப்பேன். அன்று இன்னொரு கோப்பையும் குடித்தேன். தண்ணீர் நிறைத்து வைத்த குடம்போல் வயிறு சும்மா இருந்தது.

“உம்மா, புள்ள துடிக்கல்ல.”

“நோன்பு மாசம்கா. வகுத்துப் புள்ளயும் நோன்பு புடிக்கும்.”

“நோன்பு தொறந்த பொறகுமா?”

என் கணவர் சிரித்தார். “ஒன்ட புள்ள ராவைக்குத் தராவீஹும் தொழுதிட்டுத்தான் தொறக்கும்.”

எங்கள் ஊரில் பிள்ளைத்தாய்ச்சிக்கு இப்படிச் சொல்வது வழக்கம். நானும் சிரித்தேன். வீட்டில் எனக்குப் பயந்தாங்கொள்ளி என்றுதான் பேர். கச்சான் காற்றில் ஓலை சரசரத்தாலும் யாரோ என்று எழும்புகிறவள்.

அடுத்த நாளும் கஞ்சி வந்தது, உதை வரவில்லை. கோப்பையைத் தள்ளி வைத்தேன்.

“ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற வரைக்கும் நான் ஒண்டும் வாயில வைக்கமாட்டன்.”

உம்மாவும் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வை அப்போது எனக்கு விளங்கவில்லை. அவர் வாடகைக் கார் பிடிக்கப் போனார்.

ஸ்கேன் எங்கள் பக்கம் வராத காலம். டொக்டர் மரக்குழாயை வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தார். நெடுநேரம் கேட்டார்.

“நெஞ்சுத்துடிப்பு இருக்கு, ஆனா மெதுவா இருக்கு. பிள்ளை வளரேல்ல, அசைவு குறைஞ்சா அண்டைக்கே கொண்டுவாங்கோ எண்டு போன கிளினிக்கில சொன்னனான். ஏன் பிந்தினீங்கள்?”

“எனக்கிட்ட ஆரும் சொல்லல்லயே, டொக்டர்.”

“அம்மாவுக்கும் அவருக்கும் சொன்னனான்.”

உம்மா முக்காட்டை இழுத்துவிட்டார். “இவள் பயந்தவள், டொக்டர். படிச்சவளுமில்ல. சொன்னா சோறு தின்னமாட்டாள்.”

அந்தக் கிளினிக் நாளில் என்னை வெளியே வாங்கில் இருத்திவிட்டு அவர்கள் உள்ளே கதைத்தார்கள். அதன் பிறகுதான் ஈரலும் முட்டையும் வந்தன. நோன்பு வேண்டாம் என்றார்கள். இடப்பக்கம் சரிந்து படு என்றார்கள். என்னைக் கவனிக்கிறார்கள் என்று பெருமைப்பட்டுக்கொண்டு கிடந்தேன்.

என் பிள்ளைக்கு இருந்தது வளர்ச்சிக் குறைவு (நஞ்சுக்கொடி வழியாகச் சத்து போதியளவு போகாமல் பிள்ளை சிறுத்துப்போவது). அப்படிப்பட்ட பிள்ளை இருக்கிற பலத்தை மிச்சம்பிடிக்கத்தான் அசைவைக் குறைக்கிறது. இதை விளங்க நான் படித்த ஐந்தாம் வகுப்பு போதும்.

அன்றே வயிற்றைக் கீறி மகளை எடுத்தார்கள். தோல் சுருங்கி, முகம் கிழவியின் முகமாக இருந்தது. இரத்தத்தில் சீனி குறைந்து, உடம்பு குளிர்ந்துகொண்டே போனது. இன்குபேட்டரில் (பிள்ளையைச் சூடாக வைக்கும் கண்ணாடிப் பெட்டி) வைத்து, என் பாலை மூக்குக் குழாயால் கொடுத்தார்கள். தாதி மிஸி “நல்லா இருக்கா” என்று சொல்லும்போதெல்லாம் கேட்பேன்: “உண்மையாவா? எனக்கு மறைக்காதீங்க.”

உம்மா கோப்பி கொண்டுவந்தார். “ஒன்ட நல்லதுக்குத்தான் சொல்லல்லகா.”

“என்ட வகுத்துல இருந்ததுக்கு நான்தானே காவல், உம்மா. காவக்காரிக்குச் சொல்லாம ஆருக்குச் சொன்னீங்க?”

கணவர் அந்த வார்டு வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொல்லி நான் கூப்பிடவில்லை.

மகள் பிழைத்தாள், அல்ஹம்துலில்லாஹ். பிந்தித்தான் நடந்தாள்.

இதை வாசிக்கிற பிள்ளைத்தாய்ச்சிக்கு ஒன்று சொல்கிறேன். வயிற்றில் பிள்ளையின் அசைவு குறைந்தால் யார் என்ன சொன்னாலும் அன்றே போங்கள். உங்களை வெளியே இருத்திவிட்டு உள்ளே கதைத்தால் எழும்பி உள்ளே போங்கள்.

உம்மா இப்போது தலையிடி என்றாலும் எனக்குச் சொல்கிறார். நான் கேட்டுக்கொள்கிறேன், நம்புவதில்லை. நோன்பு மாதத்தில் பாங்கு சொன்னதும் கோப்பையைத் தொடுமுன் என் கை வயிற்றுக்குப் போகிறது. தழும்புதான் தட்டுப்படும். அங்கே யாருமில்லை என்று தெரியும். ஆனாலும் முதல் மிடறு இறங்கியதும் கொஞ்சநேரம் பொறுத்திருந்துதான் மற்றதைக் குடிக்கிறேன்.