மெல்லப் பேசிய பேரம்

அடிபட்ட நாய்களை எடுத்து வைத்தியம் பார்க்கும் தொழிலில் நாய்க்கடியைவிட மனிசரின் கேள்விதான் அதிகம் நோகும். என்னைப்போல இதில் மாட்டுப்பட்டவர்களே, உங்களுக்குத் தெரியாததா? சுவிசில் இருக்கிற நம் ஊர்ப் பிள்ளைகள் அனுப்பும் காசில் ஆரையம்பதியில் இதைச் செய்கிறேன். அதற்கு முன் இருபது வருடம் கூடை தூக்கி மீன் விற்றவள். சந்தை எனக்குப் படிப்பித்தது ஒன்றுதான்: குரல் ஏறினால் விலை இறங்கும்.

குறை சொல்லி எடுத்த நாய்

பெரியகல்லாற்றில், கரையில் கொட்டில் போட்டு மீன் வியாபாரம் செய்யும் ஒரு வாடிக்காரர் மணியன் என்ற நாயைக் கம்பியால் கட்டி வைத்திருந்தார். குட்டியில் கட்டியது; நாய் வளர்ந்தது, கம்பி வளரவில்லை. கழுத்துச் சதைக்குள் புதைந்து சீழ் வடிந்தது. அவிழ்க்கச் சொன்னால், "காவல் நாய், ஐயாயிரம் வை" என்றார். எனக்கு உச்சி கொதித்தது. மீனுக்குக் குறை சொல்லி விலை குறைப்பதுபோலத் தொடங்கினேன். கண் மங்கிப்போச்சு, விலா எலும்பு தெரியுது, நாற்றம் பாலம் வரைக்கும் அடிக்குது என்று வாடியே அதிரக் கத்தினேன். சனம் கூடிவிட்டது. வெட்கத்தில் சும்மாவே தந்துவிட்டார். ஆட்டோவில் ஏற்றும்போது பின்னால் வந்து கேட்டார்:

"இவ்வளவு பழுதெண்டா உனக்கு ஏன் புள்ள இந்த நாய்?"

வாய் வைக்காத மூன்று நாள்

மிருக வைத்தியர், எனக்குத் தங்கச்சி வயதுதான், கம்பியை வெட்டி எடுத்துத் தையல் போட்டார். மணியன் சாப்பாட்டில் வாயே வைக்கவில்லை. கோழி ஈரல், சூடை மீன், பாலில் ஊறின பாண், எல்லாவற்றிலும் ஈதான் மொய்த்தது. நாளைக்கும் தின்னாவிட்டால் தாங்காது என்றார் டொக்டர். அந்த நேரம் பார்த்து மருந்துக்கடைக்காரன் சேலைனுக்கு விலை கூட்டிச் சொன்னான். போனிலேயே அவனைக் கிழித்தேன். திரும்பினால் மணியன் மூலையில் ஒண்டி, நின்ற இடத்திலேயே மூத்திரம் போய் நடுங்கிக்கொண்டிருந்தது. டொக்டர் கையுறையைக் கழற்றியபடி சொன்னார்:

"அக்கா, மருந்து வேலை செய்யுது. உங்கட சத்தம்தான் அதக் கெடுக்குது."

சுவிசுக்கு ஒரு வீடியோ

அன்றிலிருந்து வீட்டில் குசுகுசுப்புத்தான். கோபம் வந்தால் வளவுக்குள் போய்த் தென்னைமரத்தோடு சண்டை. மறுநாள் மதியம் சோறும் சூடையும் பிசைந்து வைத்துவிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். நெடுநேரம் கழித்து நக்கும் சத்தம் கேட்டது. திரும்பாமலே போனை மட்டும் பின்னால் நீட்டி வீடியோ எடுத்தேன். மணியனுக்குக் காசு அனுப்புகிற சுவிஸ் தம்பியை அழைத்து, "தின்னுது தம்பி" என்றேன், மெல்ல. அவன் பதறிப்போனான்:

"என்னக்கா, ஆரும் செத்துப்போயிட்டாங்களா?"

வாடிக்காரர் திரும்பி வந்தார்

இரண்டு மாதத்தில் மணியனுக்கு மயிர் முளைத்து மினுங்கியது. யாரோ சொல்லக் கேட்டு வாடிக்காரர் வந்துவிட்டார். கையில் புதுக் கம்பி. "என்ட நாயைத் தா, கொண்டுபோறன்."

மணியன் என் காலுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டது. அதன் நடுக்கம் என் முழங்கால்வரை ஏறியது. நான் கத்தினால் தெருவே என் பக்கம் நிற்கும். ஆனால் நாய் திரும்பவும் அந்த மூலைக்குப் போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டு, பூசை நேரத்தில் கோயிலில் பேசுவதுபோலப் பேசினேன்: "அண்ணன், கழுத்துக்குள்ளால எடுத்த கம்பி போத்தலில இருக்கு. படம் இருக்கு. டொக்டரின்ட கடிதம் இருக்கு. பொலிசுக்குப் போவமா? நானும் வாறன்."

கேட்கவில்லையென்று குனிந்து கிட்ட வந்தார். இன்னும் மெல்லச் சொன்னேன். என் முகத்தைப் பார்த்தபடியே கம்பியைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். வேலிப் படலையைத் தாண்டிய பிறகுதான் அவருக்கு வாய் வந்தது:

"கத்திப் பேசு புள்ள, நீ இப்பிடிப் பேசினா பயமாக் கிடக்கு!"

நாயின் கழுத்துக்கென்று வந்த காசில் கத்திப் பழகிய என் தொண்டையும் குணமாகிவிட்டதை மட்டும் நான் இன்னும் சுவிசுக்கு அறிவிக்கவில்லை.