டெஸ்க்டாப்பில் இருந்த ரயில் பாதை

ஸ்கூட்டரிலிருந்து விழுந்து கால் எலும்பு முறிந்ததில், என் மனைவி ஆறு வாரம் கட்டிலோடு கிடக்க வேண்டியதாயிற்று. விழுப்புரத்து வீட்டில் அவளுக்கு அப்போது இருந்த ஒரே ஆறுதல், கல்லூரிக் காலத்திலிருந்து விளையாடி வரும் ஒரு பழைய கம்ப்யூட்டர் விளையாட்டு. தண்டவாளம் போடுவாள், ஸ்டேஷன் கட்டிப் பெயர் வைப்பாள், ரயில் விடுவாள். அவள் பிறந்த திண்டிவனத்தில் தொடங்கி விழுப்புரம் வரை பாதை போட்டு வைத்திருந்தாள். நான் ஒருநாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை. "இன்னா, வண்டி லேட்டா?" என்று கேலி மட்டும் செய்வேன்.

அவள் விளையாடும் லேப்டாப் திணற ஆரம்பித்தது. விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போடுகிறேன், வைன் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது, பழைய விளையாட்டெல்லாம் அதில் ஓடும் என்று அளந்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் கம்ப்யூட்டர் மாட்டிக் கொடுக்கிறவர்கள் எல்லோரும் ஒரே பாடம்தான் நடத்துவார்கள்: "சி டிரைவ்ல விண்டோஸ் மட்டும்தான் சார். ஒங்க சமாச்சாரம் எல்லாத்தயும் டி-யில போட்டுக்கினு நிம்மதியா இருங்க." நான் அதை வேதவாக்காக நம்பியவன். டி டிரைவை முழுதாகப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு மற்றதை அழித்தேன். லினக்ஸும் சமர்த்தாக ஏறியது. கல்யாண போட்டோ, ரேஷன் கார்டு நகல் எல்லாம் பத்திரம்.

"ஏங்க, என் கேம் எங்க?" என்றாள்.

பென்டிரைவில் இல்லை. கல்யாணமான புதிதில் அவள் அம்மா வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து அந்த ஃபோல்டரை நகலெடுத்து வந்து லேப்டாப்பின் டெஸ்க்டாப்பில் ஒட்டியவன் நானேதான். அவள் போட்ட பாதையும் அதற்குள்ளேயேதான் சேமிப்பாகும். டெஸ்க்டாப்பும் சி-யில்தான் இருக்கிறது என்பது இந்த மேதாவியின் மண்டையில் எட்டு வருஷமாக ஏறவில்லை.

"சரி உடுங்க" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன். அவள் திட்டாதது பெரிய பேஜாராகிவிட்டது.

அம்மா வீட்டுக் கம்ப்யூட்டரில் அந்த ஃபோல்டர் இன்னும் இருக்கலாம் என்று மறுநாள் காலை திண்டிவனத்துக்கு பஸ் ஏறினேன்.

"இன்னா மாப்ள, திடீர்னு வந்துக்கிறீங்க? பொண்ணு கால் எப்டி இருக்குது?" என்று பதறினார் மாமியார்.

விஷயத்தைச் சொன்னதும், "அந்தக் கம்ப்யூட்டரா? யாரு தொடுறாங்க, அப்டியே கெடக்குது" என்று அறையைக் காட்டினார். மூன்றாவது தடவை பொத்தானை அமுக்கியபோது அது விழித்தது. ஃபோல்டர் இருந்தது. பென்டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, விழுப்புரம் வரும்வரை தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி வந்தேன்.

வைனில் திறந்தால் முதலில் வெறும் கறுப்புத் திரை. முழுத்திரை வேண்டாம், சின்ன ஜன்னலிலேயே ஓடு என்று அமைப்பை மாற்றிவிட்டுத் திரும்பத் திறந்தேன். விளையாட்டின் ஆரம்ப இசை கேட்டது.

"ஜல்தி, இங்க கொண்டாங்க!" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது. மடியில் வைத்தேன்.

திண்டிவனம் இருந்தது. மயிலம், பேரணி, விக்கிரவாண்டி எல்லாம் இருந்தன. முண்டியம்பாக்கத்தோடு தண்டவாளம் நின்றுவிட்டது. அதற்கப்பால் வெறும் பச்சை நிலம். அது கல்யாணத்துக்கு முந்தைய பாதை. விழுப்புரத்தை அவள் இங்கே வந்த பிறகுதான் கட்டியிருக்கிறாள். அந்த எட்டு வருஷ வேலையை ஒரே மத்தியானத்தில் துடைத்திருக்கிறேன்.

அவள் மாவுக்கட்டுக் காலை மெல்ல ஓரமாக நகர்த்தி இடம் விட்டு, மவுஸை என் பக்கம் தள்ளினாள்.

"ஒக்காருங்க. போன தடவ விழுப்புரத்த நான் ஒண்டியாத்தான் கட்டுனேன். இந்தத் தடவ நீங்களும் கூட இருங்க."