வெள்ளைப் பன்றிக்குப் பூசிய சேறு

எழுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் ஏரியூருக்குப் பக்கத்தில் ஒரு மானாவாரிக் காட்டில் குடியிருந்தோம். எனக்குக் கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. வீட்டில் நாலு நாட்டுப் பன்றிகள் வளர்த்தோம், எல்லாம் கருப்பு. அந்த மாசியில் என் வீட்டுக்காரர் அரூர்ப் பக்கத்துப் பண்ணை ஒன்றிலிருந்து சீமைப் பன்றி ஒன்றை லாரியில் ஏற்றி வந்தார். பெட்டை. வெள்ளை மயிர், உள்ளே ரோஜா நிறத் தோல்.

கத்திரி பிறந்ததும் அதன் காதோரம் சிவந்தது. பிறகு முதுகு கொப்புளம் கட்டி உரிந்தது. சொறி என்று நினைத்து வேப்பெண்ணெய் தடவினோம். மத்தியானம் இன்னும் மோசமானது. அதைப் புரட்டி அடிவயிற்றைப் பார்த்தேன். அங்கே ஒரு புள்ளிகூட இல்லை.

"இது சொறி இல்லீங்க. வெயில் சுட்டிருக்குது."

"பன்னிய வெயில் சுடுமா? அந்த நாலும் நல்லாத்தான கெடக்குது?"

அந்த நாலையும் மறுநாள் கவனித்தேன். உச்சிப்பொழுதுக்கு முன்பே அவை கழுவுதண்ணீர்க் குழியில் புரண்டுவிட்டன. காய்ந்த சேறு மரப்பட்டை மாதிரி முதுகில் ஒட்டிக்கொண்ட பிறகுதான் மேயப் போயின. எதிர்க்காட்டுச் செம்மறிகள் ஒன்றின் வயிற்றடியில் இன்னொன்று தலையை நுழைத்து நின்றன. கோழிகள் நிழலில் இறக்கையை விரித்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கின. வெள்ளைப் பன்றி மட்டும் குழியோரம் முகர்ந்துவிட்டு வெயிலில் நின்றது. பண்ணையில் சிமெண்டுத் தரையில் வளர்ந்தது, சேறு பழக்கமில்லை.

குழியை அகலமாக்கினோம். கிணற்றில் தண்ணீர் அடியில் கிடந்த நேரம். பக்கத்து வூட்டம்மா வந்து என் வாளிக்குள் எட்டிப் பார்த்தார்.

"மனுசருக்கே கொடம் ரொம்பல. பன்னிக்குக் குளியலா?"

"துணி அலசுன தண்ணிங்க்கா. குடிதண்ணி இல்ல."

அவர் வாளித் தண்ணீரை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

என் வீட்டுக்காரர் பன்றியைப் பிடித்துக்கொள்ள, நான் சேற்றை அள்ளிப் பூசினேன். அது போட்ட சத்தத்தில் சுற்றுக் காட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்துவிட்டார்கள். "ஊரே பாக்குது, சீக்கிரம் பூசு" என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். தினமும் பூசினோம். கொஞ்ச நாளில், வாளிச் சத்தம் கேட்டாலே தானாக வந்து படுத்தது. பிறகு கருப்புப் பன்றிகளைத் தள்ளிவிட்டுக் குழியின் நடுவில் இடம் பிடித்தது. முதுகு ஆறியது. ஒரு காதின் விளிம்பு மட்டும் சுருங்கிப் போய், அப்படியே நின்றுவிட்டது.

ஒருநாள் பக்கத்து வூட்டம்மா அரிசி கழுவிய தண்ணீரைக் கொண்டுவந்து குழியில் கொட்டினார். "எங்கயோ ஊத்தறது, இங்க ஊத்தறேன்" என்றார்.

ஐப்பசியில் அது குட்டி போட்டது. தகப்பன் எங்கள் கருப்புகளில் ஒன்று என்பதால் பாதியாவது கருப்பாக வரும் என்று எதிர்பார்த்தோம். எல்லாமே வெள்ளை. பங்குனி வெயில் பிறக்கும் முன்பே என் வீட்டுக்காரர் குழியோரம் நாலு கம்பு நட்டு, மேலே சோளத்தட்டுப் பரப்பி ஒரு பந்தல் போட்டார்.