சனிக்கிழமை விண்கப்பல்

ராஜபாளையத்தில் எங்கள் தெருவுக்கு விண்கப்பல் வந்து இறங்கியது ஓர் அட்டைப்பெட்டியில். எதிர்வீட்டு அக்காவின் கணவர் துபாயில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார். எண்பதுகளின் நடுவில் ஒரு வருஷம், பெருநாளைக்கு வருகிறேன் என்று கடிதம் போட்டவர், தான் வராமல், ஊருக்கு வந்த வேறொருவரிடம் ஒரு கலர் டி.வி.யையும் வீடியோ டெக்கையும் கொடுத்தனுப்பிவிட்டார். தெருவே வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அக்கா மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"ஆளக் கேட்டா பெட்டிய அனுப்புதாவ. நல்லாருக்கு நியாயம்."

பெட்டியோடு கேசட்டுகளும் வந்திருந்தன. சினிமாப் படம் இருக்கும் என்று நம்பி வந்த கூட்டத்துக்குப் பெருத்த ஏமாற்றம். எல்லாமே அங்கே டி.வி.யில் ஓடிய ஓர் இங்கிலாந்துத் தொடர், அண்ணன், அதாவது அக்காவின் கணவர், பதிவு செய்து அனுப்பியது. ஒரு விண்கப்பல், அதில் ஆறேழு பேர். வழி தவறிவிட்டார்கள். பூமிக்குத் திரும்ப முடியவில்லை. வாராவாரம் ஏதோ ஒரு கிரகத்தில் இறங்கி, அடி வாங்கி, ஓடிவந்து கப்பலில் ஏறுவார்கள். அவ்வளவுதான் கதை. "நாங்களும் ஒரே ரூமில் இப்படித்தான் பொங்கித் தின்று, சண்டை போட்டு, ஊர் போக முடியாமல் கிடக்கிறோம். பார்த்தால் சிரிப்பாக வருகிறது, நீயும் பார்" என்று அண்ணன் எழுதியிருந்தார். அக்கா அதை எனக்கு வாசித்துக் காட்டினாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆனால் தெருவுக்கு வந்தது. இந்தி புரியாது என்று அரசாங்க டி.வி.யின் இந்திப் படத்தைத் திட்டிய அதே ஜனம், இங்கிலீஷ் புரியாத இந்தத் தொடரைப் பார்க்கச் சனிக்கிழமை சாயங்காலமானால் அக்கா வீட்டில் அடைந்துகொண்டது. அன்றைக்கு அந்த வீட்டுக் கதவு சாத்தப்படாது. யார் வேண்டுமானாலும் வரலாம், முறுக்குக் கொண்டுவந்தால் முன்வரிசை.

அந்தத் தொடரில் அப்படி என்ன இருந்தது என்று இப்போது யோசித்தால், ஒன்றுமே இல்லை என்பதுதான் அதன் அழகு. யாராவது கதவை இழுத்துச் சாத்தினால் விண்கப்பலின் சுவரே ஆடும். இறங்குகிற கிரகமெல்லாம் ஒரே கல்குவாரி. "இதுக்கா இம்புட்டுத் தூரம் பறக்கான்? பஸ்ஸுல ஏறுனா ஆலங்குளம் குவாரியிலயே இறக்கி விட்டுருவான்லா" என்பாள் அக்கா. ஒருமுறை உடம்பெல்லாம் துணி சுற்றிய ராட்சசன் ஒருவன் வந்தான். பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் வேலை பார்த்தவர் ஒருவர் எங்கள் கூட்டத்தில் இருந்தார். அவர் டி.வி.க்குக் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, "நம்மூருச் சரக்குதான்" என்று சொல்லித் திரும்பி வந்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அந்த ராட்சசன் யாரைக் கொன்றாலும் எங்களுக்குப் பெருமையாக இருந்தது.

மொழிபெயர்ப்பு இலாகா என் வீட்டுக்காரருடையது. அவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார். நோட்ஸைப் பார்த்து இலக்கணம் நடத்துவதில் கெட்டிக்காரர். ஆனால் ஒரு வெள்ளைக்காரன் வாய் திறந்து பேசி அவர் அதுவரை கேட்டதில்லை. முதல் நாளே முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். இருந்தாலும் வாத்தியார் அல்லவா, தெரியாது என்ற சொல் அந்தச் சாதிக்கு வாயில் வராது. "இவன் சொல்றான், நீ செஞ்சது தப்புங்கான். அவன் சொல்றான், நான் எப்ப செஞ்சேன்ங்கான்" என்று ஆரம்பித்தார். யோசித்துப் பாருங்கள், உலகத்தில் எந்தக் கதைக்குத்தான் இது பொருந்தாது? கொஞ்ச வாரத்தில் துணிச்சல் வந்து, நரைத்த தலைக் கேப்டனைப் பெரியப்பாவாக்கி, எஞ்சின் பார்க்கிறவனை அவர் தம்பி மகனாக்கி, பாகப் பிரிவினை வரைக்கும் கொண்டுபோய்விட்டார்.

இதில் இன்னொரு சங்கதி. அந்தத் தேசத்து டி.வி. என்பதால் படத்துக்குக் கீழே அரபி எழுத்து ஓடும். அக்காவின் மாமியார் முதல் நாளே அதைக் கண்டு பதறிவிட்டார்.

"ஏலே, காலை மடக்குங்கலே! குர்ஆன் ஓதுற எழுத்து வருதுல்லா!"

அன்றிலிருந்து அந்த வீட்டில் டி.வி.யைப் பார்த்துக் கால் நீட்டக் கூடாது. பெண்களெல்லாம் முக்காடு போட்டுக்கொள்ள வேண்டும், நான் உள்பட. ரப்பர் குழாயை மூக்கில் மாட்டிய ஜந்து ஒன்று உறுமும், நாங்கள் முக்காட்டோடு சம்மணம் கூட்டிப் பயபக்தியாக உட்கார்ந்திருப்போம். அக்காவுக்கு அந்த எழுத்தை வாசிக்கத் தெரியும், சிறுபிள்ளையில் ஓதிப் படித்தது. பொருள் தெரியாது. அதுவும், எழுத்துக்கு மேலும் கீழும் போடுகிற குறிகள் இதில் இல்லாததால் தடுக்கித் தடுக்கித்தான் வாசிப்பாள். "எவனோ சோம்பேறி எழுதிருக்கான்" என்பார் மாமியார். அக்கா வாசிப்பதை என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக் கேட்டு, "அதேதான், நானும் அதைத்தான் சொன்னேன்" என்று தலையாட்டுவார். பொருள் தெரியாத இரண்டு பேர் ஒருவருக்கொருவர் சாட்சி சொல்லி, ஒரு தெருவையே நம்ப வைத்தார்கள்.

அக்கா கேட்பது ஒரே கேள்விதான். ஒவ்வொரு கேசட் முடியும்போதும் கேட்பாள்.

"சார், அவிய ஊருக்குத் திரும்பிருவாவளா?"

"அடுத்த கேசட்ல திரும்பிருவாங்க" என்பார் இவர்.

துபாயிலிருந்து வருகிற கடிதமும் அடுத்த பெருநாள் என்றுதான் சொல்லும். இடையில் ஒரே ஒரு தடவை அண்ணன் லீவில் வந்தார். வந்த வேகத்தில் போனார். பிறகு மறுபடியும் கேசட்டுகள் வந்தன. எனக்கு ஒரு கட்டத்தில் அந்தக் கேப்டன் மேலேயே ஆத்திரமாக வந்தது. கிழவா, எவ்வளவு நாள்தான் சுற்றுவாய், திரும்பித் தொலைய வேண்டியதுதானே என்று டி.வி.யைப் பார்த்து மனதுக்குள் திட்டியிருக்கிறேன். அக்கா கேட்பது கப்பலைப் பற்றி அல்ல என்பது எனக்குத் தெரிந்திருந்தது. என் வீட்டுக்காரருக்குத் தெரியவில்லை. அவர் பாகப் பிரிவினையில் மும்முரமாக இருந்தார்.

தொண்ணூறுகள் பிறந்து தெருவுக்குக் கேபிள் வந்தபோதும் சனிக்கிழமைக் கூட்டம் கலையவில்லை. கப்பல் பூமிக்கு ரொம்பக் கிட்டே வந்துவிட்டது. இன்னும் ஒரே பாகம்தான் பாக்கி, அதைப் பதிவு செய்து எடுத்துக்கொண்டு நானே வருகிறேன் என்று அண்ணன் எழுதியிருந்தார்.

சொன்னபடி வந்தே விட்டார். ஒரு சனிக்கிழமை பகலில் டாக்சி வந்து நின்றது. சாயங்காலம் தெரு முழுக்க அந்த வீட்டில். முறுக்கு மலைபோலக் குவிந்தது. பொழுதுபோக்கப் பழைய கேசட் ஒன்றைப் போட்டார்கள். அண்ணன் துபாய்க் கடையில் அரபி பேசவும் வாசிக்கவும் பழகியவர், கீழே ஓடும் எழுத்தைப் பார்த்துச் சாதாரணமாகச் சொல்ல ஆரம்பித்தார். பெரியப்பா பெரியப்பா இல்லையாம். எஞ்சின்காரன் தம்பி மகன் இல்லையாம். இரண்டு பேரும் அத்தனை நேரம் சண்டை போட்டது எரிபொருள் தீர்ந்ததைப் பற்றியாம். பாகப் பிரிவினை என்ற பேச்சே இல்லையாம்.

என் வீட்டுக்காரர் முறுக்கைக் கடிப்பதை நிறுத்தினார். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. ஆனால் தறிக்காரர் எழுந்து, "அண்ணாச்சி, உங்களுக்கு வெவரம் பத்தாது. சார் சொன்னதுதான் கதை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். கூட்டமும் ஆமோதித்தது. அண்ணன் பரிதாபமாக விழித்தார்.

"அதை விடுங்க, கடைசிக் கேசட்டைப் போடுங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

அண்ணன் தலையைச் சொறிந்தார். "அது இன்னும் அங்க வரலை சார். அடுத்த வாரந்தான் போடுவான். டிக்கெட்டு கெடச்சிருச்சு, கெளம்பிட்டேன். இனிமே அங்க போகப் போறதும் இல்ல."

கூடத்தில் இழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. யாரோ உச்சுக்கொட்டினார்கள். என் வீட்டுக்காரர், சத்தியமாக வருத்தம் தாங்காமல்தான், அந்த வார்த்தையைச் சொன்னார்.

"என்ன அண்ணாச்சி, இன்னும் ஒரே ஒரு வாரம் இருந்து பதிஞ்சிட்டு வந்திருக்கலாம்ல?"

நல்ல வேளை, அந்த வீட்டில் அன்று அரிவாள்மணை அடுப்படியில் இருந்தது. அக்கா விறுவிறுவென்று வந்து டி.வி. ஒயரைப் பிடுங்கினாள். அவளுக்கு மூச்சு வாங்கியது.

"ஒரு வாரமா? எத்தன ஒரு வாரம் சார்? எத்தன பெருநாளு? இந்த எழவெடுத்த கப்பலு வந்தா என்ன, வராட்டி என்ன? எங்க வீட்டு ஆளு வந்தாச்சு. எல்லாரும் எந்திரிச்சுப் போங்க."

ஒவ்வொருவராக எழுந்தோம். தறிக்காரர் மிஞ்சிய முறுக்கைத் துண்டில் முடிந்துகொண்டார். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கியதும் என் வீட்டுக்காரர், "நான் என்ன தப்பாக் கேட்டேன்?" என்றார். எங்களுக்குப் பின்னால் அக்கா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. சனிக்கிழமை சாயங்காலத்தில் அந்தக் கதவு சாத்தி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.