இருட்டுக் கோடு

உப்பல் பகுதியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஒப்பந்த வேலையில் இருந்தேன். அந்த மே மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்க ஐந்து பேர் வந்தார்கள். புகைப்படம் போதாது, நேரில் காட்ட வேண்டும் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். நான் காட்ட வேண்டியது ஒரு இருட்டுக் கோடு, அவ்வளவுதான்.

இரண்டு குண்டு பல்பு போட்டால் ஒன்றும் ஒன்றும் இரண்டு. அதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஒரே லேசர் ஒளியை இரண்டாகப் பிரித்து மறுபடி சேர்த்தால் கணக்கே வேறு. அலைகள் ஒத்துப்போகும் இடத்தில் ஒன்றும் ஒன்றும் நாலு, முரண்படும் இடத்தில் பூஜ்யம், அதாவது இருட்டு. திரையில் வெளிச்சமும் இருட்டும் வரிவரியாக விழும். மேஜை மயிரிழை அதிர்ந்தாலும் வரிகள் ஓடிக் கலந்து, கண்ணுக்கு எங்கும் அதே இரண்டுதான். என் மூன்று வருட உழைப்புக்கும் குண்டு பல்புக்கும் வித்தியாசம் தெரியாது.

அதிர்வைத் தாங்க வேண்டிய மேஜையின் காற்றுக் கால்கள் கசிந்துகொண்டிருந்தன. புதியது கேட்டு நான் எழுதிய கடிதம் யார் மேஜையில் தூங்கியதோ! அதனால் நானும் லாலாகுடாவிலிருந்து வரும் டெக்னீஷியனும் ஏசியை அணைத்து, செருப்பைக் கழற்றி, வாயை மூடிக்கொண்டுதான் வேலை செய்வோம்.

அன்று விருந்தாளிகளுக்காக ஏசியை முழு வேகத்தில் வைத்திருந்தார்கள். திரையில் வெறும் சிவப்பு, கோடே இல்லை.

"ஏசிய நிறுத்திடலாமாண்ணா?" என்று கிசுகிசுத்தேன்.

"நக்கோ, வேணாம் மேடம். வேர்த்துச்சுன்னா எழுந்து போயிடுவாங்க."

நிறுத்தினேன். வேறு வழி தெரியவில்லை. ஐந்து பேரும் காகிதத்தால் விசிறிக்கொண்டார்கள். ஒருவர் காலை ஆட்டிக்கொண்டே இருந்தார். "சார், ப்ளீஸ், ஒரு நிமிஷம் அசையாம இருங்க" என்று கெஞ்சினேன். அந்தக் குரல் எனக்கே அருவருப்பாக இருந்தது. குழுத் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பார்த்தாயிற்று, போதும்" என்று இங்கிலீஷில் சொல்லி எழுந்தார். டெக்னீஷியன் வழியனுப்பப் போனார்.

காலடிச் சத்தம் படியிறங்கியது. அறை அடங்கியது. திரையில் கறுப்புக் கோடுகள் மை போட்டு இழுத்ததுபோல் வந்து நின்றன.

கூப்பிட ஓடலாம் என்று எழுந்தேன். நாற்காலி நகர்ந்ததும் எல்லாம் அழிந்தது. திரும்ப உட்கார்ந்து மூச்சைப் பிடித்தேன். கோடுகள் வந்தன. கீழே கார்க் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. அழுகை முட்டியது. தோள் குலுங்கினால் அவையும் கலைந்துவிடும் என்று அழாமல் உட்கார்ந்திருந்தேன்.