பின்பக்கம் பார்த்த பீரங்கி

எங்கள் பெரியப்பா செய்த டாங்கியில் பீரங்கிக் குழல் எப்போதும் பின்பக்கம் பார்த்தே நிற்கும். கள்ளக்குறிச்சியில் அவருக்கு ஒரு லேத் பட்டறை இருந்தது. அங்கே மிஞ்சிய சாமான்களைக் கொண்டுதான் அதைச் செய்தார். உடலுக்குத் தேக்குப் பலகை, மேலே தகரம், சக்கரத்தைச் சுற்றிய பட்டைக்குப் பழைய சைக்கிள் செயின், குழலுக்குக் குடைக்கம்பி. நிஜ வண்டியில் இருபதில் ஒரு பங்கு. பீரங்கி பொருத்திய மேல்கூண்டைக் கையால் சுற்றலாம். ஆட்கள் ஏறி இறங்கும் மூடிகளும் கீல் வைத்துத் திறக்கும்.

உயர்நிலைப்பள்ளிக் கண்காட்சிக்கு ஆண்டுதோறும் அதை இரவல் கேட்பார்கள். நானும் கூடவே போய் நிற்பேன். பார்க்க வருகிறவர்களிடம் பெரியப்பா சொல்வதெல்லாம் எனக்கு மனப்பாடம். பெயர் செஞ்சூரியன். வெள்ளைக்காரன் இரண்டாம் உலகப் போருக்கென்று உருவாக்கியது. போர்முனைக்குப் போய்ச் சேர்வதற்குள் போரே முடிந்துவிட்டது. பிறகு நம் நாடு வாங்கியது. எடை ஐம்பது டன். மேல்கூண்டுக்குள் மூன்று பேர்: அதிகாரி, குண்டு நிரப்புகிறவர், சுடுகிறவர். முன்னால், கீழே, தனியாக டிரைவர். பட்டாளத்தில் இருந்தபோது பெரியப்பா சுடுகிறவர்.

எழுபத்தொன்று பாகிஸ்தான் போரில், மேற்கு எல்லையில் அவர்கள் வண்டி தீப்பிடித்து, டிரைவர் இறந்துபோனார். "குண்டு பட்ட ஒடனே உசுரு போயிடுச்சி" என்பதோடு பெரியப்பா அந்தப் பகுதியை முடித்துவிடுவார். குழல் ஏன் பின்னால் பார்க்கிறது என்று யாராவது கேட்டால், தூரப் பயணத்தில் அப்படித்தான் திருப்பிக் கட்டுவோம் என்பார். அதில் பொய் கிடையாது.

அந்த டிரைவர் கல்வராயன் மலைக்காரர். அவர் மனைவியை நான் மலை அத்தை என்று கூப்பிடுவேன். சாலை மறியல் நடந்த எண்பத்தேழில் அத்தை ஒரு வேண்டுகோளோடு வந்திருந்தார். அவருடைய ஒரே பையன் பட்டாளத்துக்குப் போகும் வயதுக்கு வந்துவிட்டான். அப்பா ஓட்டிய மாதிரி டாங்கிதான் ஓட்டுவேன் என்று நிற்கிறான். ஆளெடுக்கும் இடத்துக்குப் பெரியப்பாதான் கூட்டிப்போக வேண்டும். பெரியப்பா சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அத்தை சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்புவதாக இருந்தார். அதற்குள் இடஒதுக்கீடு கேட்டுச் சாலைகளை மறித்துவிட்டார்கள். கச்சிராயபாளையம் சாலையில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். மலைக்கு வண்டியே இல்லை. அத்தை எங்கள் வீட்டிலேயே தங்கும்படி ஆயிற்று.

"இன்னா மிலிட்டரி, உன் டாங்கிய கொண்டாந்து மரத்தையெல்லாம் தள்ளேன்" என்று டீக்கடைக்காரர் கிண்டல் செய்தார். பெரியப்பா சிரிக்கவில்லை. உளுந்தூர்பேட்டைப் பக்கம் போலீசார் சுட்டுவிட்டார்களாம் என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. தெருவில் கம்பிவலை போட்ட போலீஸ் வண்டி போனபோது, கவச வண்டி என்று கத்தினேன்.

"அது வெறும் வலைம்மா. கல்ல மட்டுந்தான் தடுக்கும்" என்றார் பெரியப்பா.

பட்டறை மூடியே கிடந்தது. ஒரு மத்தியானம் அத்தை உள்ளே வந்து டாங்கி மாதிரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒவ்வொரு முறை வரும்போதும் பார்ப்பதுதான். ஆனால் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். அன்று பஸ் இல்லை.

"எங்கூட்டுக்காரு எங்க அண்ணா குந்திக்கினு இருப்பாரு?"

பெரியப்பாவுக்கு முன்னால் நான் முந்திக்கொண்டு டிரைவர் மூடியைத் திறந்து காட்டினேன். அத்தை சுண்டுவிரலை உள்ளே விட்டுப் பார்த்தார். பிறகு மூடியை மெதுவாகச் சாத்தினார்.

"சண்டையிலயும் பீரங்கி பின்னாலதான் பாத்துக்கினு இருக்குமா?"

"இல்லம்மா."

அத்தை மேல்கூண்டை முன்பக்கம் சுற்றினார். குழல் தன் பாரத்தில் சற்றுத் தாழ்ந்து, டிரைவர் மூடிக்கு நேர் மேலே நின்றது. மூடியை மறுபடி தூக்கினார். நக அளவு எழும்பிக் குழலில் இடித்து நின்றது. இன்னொரு தரம் தூக்கினார். அப்போதும் இடித்தது.

"இத யாரு திருப்பறது?"

"நான்தான்."

"காப்பி ஆறுது, இன்னா பண்றீங்க அங்க?" என்று பெரியம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். யாரும் நகரவில்லை.

"பட்ட ஒடனே உசுரு போயிடுச்சின்னு சொன்னீங்களே."

பெரியப்பா தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "கரண்டு போயிடுச்சி. கூண்ட கையால சுத்தணும். சுத்திக்கினுதான் இருந்தேன். நெருப்பு உள்ள வந்துடுச்சி. மேல ஏறிக் குதிச்சுட்டேன்."

"அவரு?"

"தட்டிக்கினு இருந்தாரு."

எவ்வளவு நேரம் என்று அத்தை கேட்டார். பெரியப்பாவின் இரண்டு கைகளும் முழங்கை வரை வெந்து சுருங்கியவை. அவற்றை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். அத்தை அழவில்லை. எழுந்து போய்த் தன் பையை எடுத்துக்கொண்டார்.

"பஸ்ஸு வுட்ட பெறவு போவலாம், இரு தங்கச்சி."

"நடந்தே போய்க்கறேன்." வாசலில் நின்று திரும்பினார். "அவன அனுப்பறேன். இத்தினி வருசமா எனக்குச் சொன்னத அவனுக்குச் சொல்லாத. இதக் காட்டு."

முதல் புளியமரம் வரை நான் கூடப் போனேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கிளைகளைப் பிடித்து ஏறி அந்தப் பக்கம் இறங்கினார். எங்கள் டாங்கியை மகனுக்கும் காட்டச் சொல்லும் அளவுக்கு அத்தைக்குப் பிடித்துவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை. வீட்டுக்கு வந்து செயினுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்தேன்.

சாலை திறந்த மறுநாள் பையன் வந்தான். பெரியப்பா பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவனுக்குக் காட்டினார். வெளியே வந்தவன், பெரியம்மா போட்ட இலையில் உட்காராமல் நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போனான். அவன் பட்டாளத்தில் சேரவில்லை. மலையிலிருந்து அதன் பின் யாரும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

பையன் வந்துபோன அன்று சாயங்காலம் எனக்கு வேறு கவலை. மாதிரியில் ஒரு பிழை இருக்கிறது. அடுத்த கண்காட்சியில் யாராவது கண்டுபிடித்துவிட்டால்? யோசித்ததில் வழி கிடைத்தது. டிரைவர் மூடியை மேல்நோக்கித் திறக்காமல், பக்கவாட்டில் நகர்கிற மாதிரி செய்துவிட்டால், குழல் எங்கே நின்றாலும் இடிக்காது. சாக்பீஸால் பட்டறைத் தரையில் வரைந்து, பெரியப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் அந்தப் படத்தைப் பார்த்தார்.

"ஆமாம்மா. அப்டி வெச்சிருக்கலாம்" என்றார்.

என் யோசனையை ஒரு பெரியவர் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. பொழுது சாய்வதற்குள் மாற்றிவிடலாம் என்று, உளியை எடுத்து வர ஓடினேன்.